உரச்சாக்கு அடைத்த ஓட்டை

தம்பி,

நேற்று நீ போனில் கேட்டதற்கு, "சரிப்பா, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். மருமகள் சுகந்தியிடமும் சொல்லியிருப்பாய். அது சம்மதம் இல்லை. போனில் அதற்கு மேல் பேச முடியாததால் அப்படிச் சொன்னேன். இப்போதெல்லாம் மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்கினால் நீ "என்னாம்மா, என்னா செய்யுது" என்று பதறுகிறாய். நீ பதறினால் எனக்கு அழுகை வருகிறது. அழுதால் இருமல் வருகிறது. பிறகு என்னத்தைப் பேசுவது? எழுதினால் நடுவில் நிறுத்தி இளைப்பாறிக்கொள்ளலாம். நான் எத்தனை தடவை நிறுத்தினேன் என்று உனக்குத் தெரியவும் தெரியாது. அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தாள் வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டதை மறுபடி எழுதிப் பார்க்கிறேன். "கொழும்புல ஒரே பொகைம்மா. சுகந்திக்கும் தாயி இல்ல. பிரசவம் முடிஞ்சதும் தாயையும் புள்ளையையும் அங்க கொண்டாந்து விட்டுர்றேன். நம்ம மலைக் காத்துல கொஞ்ச மாசம் வளரட்டும். நீங்க பாத்துக்கங்க." இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்கப் போவதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பேரப்பிள்ளையை எங்கே படுக்க வைப்பது, தொட்டிலைக் கூரையில் எந்த வளையில் கட்டுவது என்று அந்த நிமிஷமே கண் தேட ஆரம்பித்தது. அது தேடிப் போய் நின்றது அடுப்புக்குப் பக்கத்தில். பழைய இடத்தில். அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது.

கூட்டி வராதே, தம்பி. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தாளும் மையும்.

மலைக் காற்று என்று நீயே சொல்கிறாயே என்றுதான் எனக்கு ஆச்சரியம். டயகமப் பாதையில் ஞாயிற்றுக்கிழமையானால் வேன் வேனாகக் கொழும்புக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். தேயிலைக்கு நடுவில் நின்று கையை விரித்துப் படம் எடுக்கிறார்கள். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, "என்னா காத்து, என்னா காத்து" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. வெளியே அந்தக் காற்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் நம் லயத்து வரிசை வீட்டுக்குள் வந்து ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்கூட உட்கார்ந்ததில்லை. நீ இந்த லயத்தில் பிறந்தவன், நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டாய். ஊரை விட்டுப் போனால் ஊர் அழகாகத் தெரியும்போல. நான் கேலிக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போன மாதம் நுவரெலியாவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதை உன்னிடம் "சும்மா கிளினிக்" என்று சொன்னேன். சும்மா இல்லை. ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். பலம் கொண்ட மட்டும் ஊதினேன். "ஊதுங்கம்மா, ஊதுங்க" என்றாள் நர்ஸ் பிள்ளை. "ஊதிட்டேனே" என்றேன். இன்னும் ஊத ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்தாளாம். டொக்டர் சின்ன வயசுப் பையன், சிங்களம். தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "அம்மா பீடி பொனவத?" என்று கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். கேட்டது புரிந்தாலும் புரியாதது மாதிரி நர்ஸைப் பார்த்தேன். அவள் தமிழில், "பீடி குடிப்பீங்களான்னு கேக்குறாரும்மா" என்றாள். "நான் குடிக்கிறதில்லம்மா. எங்க வூட்டு அடுப்புதான் குடிக்குது. அது விடுற பொகையத்தான் நாங்க குடிக்கிறோம்னு சொல்லு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அதைச் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

அடுப்பில் எதை எரிக்கிறீர்கள் என்று கேட்டார். கவாத்து வெட்டின மலையில் பொறுக்குகிற மிலாறு, தேயிலைக் குச்சி, மழைக்காலத்தில் ஈரத்தோடேயே எரிப்போம் என்றேன். புகை எப்படி வெளியே போகும் என்று கேட்டார். போகாது என்றேன். அவர் ஒரு படம் வரைந்தார். நெஞ்சுக்குள் போகிற குழாய்களின் உள்பக்கம் ஒரு தோல் இருக்கிறதாம். அந்தத் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். இரவும் பகலும் விளக்குமாறு மாதிரி அசைந்து அழுக்கையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்குமாம். புகையில் இருக்கிற சில நஞ்சுகள் அந்தத் தோலைக் கட்டியிருக்கிற சின்னச் சின்னக் கலங்களை, இரும்பைத் துரு தின்கிற மாதிரி தின்னும் என்றார். நம் உடம்பிலேயே அதைத் தடுக்கிற மருந்து கொஞ்சம் சுரக்கும். தினமும் புகை வந்தால் அந்த மருந்து தீர்ந்துபோகும். பிறகு கலம் வீங்கும், கிழியும், சாகும். மயிர் உதிரும். அழுக்கைத் தள்ள ஆள் இல்லாமல் சளி மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும். காயத்தை ஆற்றுவதற்கு உடம்பு அனுப்புகிற காவல்காரக் கலங்களும் அங்கே வந்து அதே நஞ்சைத் தாங்களும் கக்கும். ஆறிய இடம் தடித்துக் குழாய் சுருங்கும். "திரும்ப நல்லா ஆகுமா?" என்று கேட்டேன். நர்ஸ் அதை மொழிபெயர்க்கவே இல்லை. அவளே, "மருந்து அடிச்சா மூச்சு கொஞ்சம் லேசா இருக்கும்மா" என்று சொன்னாள். எனக்கு விளங்கிவிட்டது.

துரு என்றதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கு நீ அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டுக்கொண்டு விஞ்ஞானப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாய். குளிருக்கு அங்கேதான் இதமாக இருக்கும், லைட்டும் அங்கேதான். "இரும்பு துருப்பிடித்தல் ஓர் ஒட்சியேற்றம், இரும்பு துருப்பிடித்தல் ஓர் ஒட்சியேற்றம்" என்று சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணுவாய். நடுவில் இருமுவாய். இருமிவிட்டு மறுபடி ஒட்சியேற்றம். நான் ரொட்டி சுட்டுக்கொண்டே, "இருமாமப் படிப்பா, மறந்துறப் போவுது" என்பேன். அந்த வார்த்தையை நான் டொக்டரிடம் சொன்னேன். அவர் நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதுதான், அதேதான் என்று தலையாட்டினார். நீ எதை வாயால் படித்தாயோ, அதை உன் நெஞ்சு உள்ளே படித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் பரீட்சையை நினைத்துத்தான் பயந்தோம்.

இனி எழுதப் போவது உன்னிடம் சொல்லாத விஷயம். உனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து தவறிப்போனாள் என்று உனக்குத் தெரியும். செல்வி என்று பேர் வைத்திருந்தோம். சளி கட்டிச் செத்தாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். எப்படிச் சளி கட்டியது என்று சொன்னதில்லை. நம் ஆட்கள் பிள்ளை பெற்றவளையும் பச்சைப் பிள்ளையையும் எங்கே வைப்பார்கள் என்று நீ பார்த்திருக்கிறாய். அடுப்படியில்தான். மலைக் குளிர் எலும்பைத் துளைக்கும், பனி கூரை வழியாக இறங்கும், அதனால் காற்று நுழைகிற இடமெல்லாம் அடைத்துவிட்டு நெருப்பை அணையாமல் வைத்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் தாயையும் பிள்ளையையும் போடுவார்கள். அடுப்புக்கு மேலே பின்சுவரில் இரண்டு கல் எடுத்த ஓட்டை இருக்கிறதே, புகை போக எந்தக் காலத்திலோ விட்டது, அதற்குள் உரச்சாக்கைச் சுருட்டித் திணித்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். அன்பால் செய்ததுதான், ஒருவரையும் குறை சொல்ல முடியாது.

ஒரு சாயங்காலம் மிலாறெல்லாம் ஈரம். நம் காம்பரா அறை முழுக்கப் புகை, எதிரில் இருக்கிற ஆள் தெரியவில்லை. செல்வி கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய வடிய வீறிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அந்தச் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். கொஞ்ச நேரத்தில் புகை விலகியது, பிள்ளை அழுகையை நிறுத்தித் தூங்கிவிட்டாள். அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சு உள்ளே குழி விழுந்து குழி விழுந்து எழும்பியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே என் மடியில் அடங்கிவிட்டாள். அடுத்த காம்பரா பாக்கியம் அக்கா, எனக்குப் பிரசவம் பார்த்தவர்கள், ஓட்டையைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் முன்னால், "நீதான்டி தொறந்து வச்ச. பச்சப் புள்ளைக்குக் காத்து பட்டுருச்சு" என்றார்கள்.  மறுநாள் உன் அப்பா இரண்டு சாக்கை வைத்து அடைத்து, மேலே மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டார்.

அதற்குப் பிறகு நீ பிறந்தாய். ஒரு பிள்ளையைக் காற்றுக்குக் கொடுத்தவள் நான், இன்னொன்றைக் கொடுப்பேனா? கதவிடுக்கில் துணி, ஜன்னலில் அட்டை, கூரை இடுக்கில் பஞ்சு. ஒரு நூல் காற்று உன் மேல் படவிடவில்லை. எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? உனக்கு இழுப்பு வந்தபோது இன்னும் இறுக்கி அடைத்தேன். இழுப்பு கூடக்கூட அடைப்பும் கூடியது. இப்போதும் மழைக்காலத்தில் உனக்கு இழுக்கிறது என்று சுகந்தி சொன்னாள், நீ சொல்லாவிட்டாலும்.

அன்றைக்கு டொக்டரிடம் இதையும் கேட்டேன். அந்தச் சாக்கைத் திறந்ததாலா என் பிள்ளை போனாள் என்று கேட்கச் சொன்னேன்.  அவர் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார். இத்தனை காலத்துக்குப் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் புகையில் கிடந்த பிள்ளையின் நெஞ்சில் கிருமி சுலபமாக ஏறுமாம். திறந்தது தப்பில்லை, அடைத்து வைத்ததுதான் தப்பு என்றார். தம்பி, எனக்கு ஆறுதல் சொல்வதாக அவர் நினைத்திருப்பார். நான் வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். செய்யாத தப்புக்கு இத்தனை வருஷம் சாமியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். செய்த தப்பைப் பெருமையாக நினைத்து உன் மேலும் செய்திருக்கிறேன். செல்வி உயிரோடு இருந்த நாளில் நல்ல காற்றுக் குடித்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அந்தச் சாயங்காலத்தை நினைத்துத்தான் நான் இவ்வளவு நாளும் அழுதேன்.  யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

நீ அனுப்பின காஸ் அடுப்பு இருக்கிறதே, அதில் சமைத்தால் போதாதா என்று கேட்பாய். வீடு வந்ததும் அதைத்தான் செய்தேன். மிலாறைத் தொடவில்லை. மண்ணைச் சுரண்டி உரச்சாக்கையும் பிடுங்கிப் போட்டேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் கண் எரிந்து முழித்தால் காம்பரா நிறையப் புகை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது என்பதை மறந்துவிட்டேன். பாக்கியம் அக்கா அடுப்பு மூட்டினால் அது சுவர் ஏறி நம் பக்கம் இறங்குகிறது. அவர்களுக்கு அந்தப் பக்கத்துக் காம்பராப் புகையும் சேர்ந்து வருகிறது. ஒரே கூரைக்குக் கீழே ஆறு அடுப்பு. விறகை விட்டுவிட்டுக் காஸில் சமைக்கும்படி போய்ச் சொன்னேன். "நான் எங்கடி போவேன் காசுக்கு? தண்ணி வெந்தாத்தானே ஒடம்புக்கு ஊத்த முடியும்" என்றார்கள். சொல்லும்போதே என்னை மாதிரியே இருமினார்கள். நான் இருமினேன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று இருமிக்கொண்டிருந்தோம். செல்வி விஷயத்தை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவர்கள் கண்ணைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. இந்த வயதில் அதைக் கொண்டுபோய் அவர்கள் தலையில் போட்டு என்ன ஆகப் போகிறது?

தோட்டத்து ஆபீஸுக்கும் போனோம், நாலைந்து பொம்பளைகளாக. கூரையில் புகைக்குழாய் வைத்துக்கொள்ளக் கேட்டோம். தகரம் தோட்டத்துடையது, வெட்டக் கூடாது, புது வீடு வரும்போது எல்லாம் வரும் என்றார்கள். புது வீடு வரும் என்று நான் கொழுந்துக் கூடை தூக்க ஆரம்பித்த நாளிலிருந்து கேட்கிறேன். திரும்பி வரும்போது ஒருத்தி, "புது வூடு வாரப்ப நாம பொகையாவே போயிருப்போம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்ததில் இருமல் வந்து பாதி வழியில் உட்கார்ந்துவிட்டோம்.

சரி, இங்கே வேண்டாம், அங்கேயே இரு என்று நிம்மதியாக எழுதலாம் என்றால் அதுவும் முடியவில்லை. கொழும்பைப் பற்றியும் அந்த டொக்டரிடம் கேட்டுத் தொலைத்தேன். மகன் ஓட்டோ ஓட்டுகிறான், பெரிய ரோட்டு மேலே மாடியில் குடியிருக்கிறான் என்றேன். வாகனப் புகையிலும் அதே வேலையைச் செய்கிற வாயுக்கள் இருக்கின்றன என்றார். அந்தப் புகையில் வெயில் பட்டால் ஓசோன் என்று இன்னொன்று உண்டாகுமாம், அதற்கு நிறமே இல்லை, ஆனால் அதுவும் அந்தத் தோலைத்தான் அரிக்குமாம். வானத்தில் மேலே இருந்தால் நல்லதாம், கீழே இருந்தால் நஞ்சாம். கொடியில் காய்கிற வெள்ளைத் துணியெல்லாம் சாயங்காலத்தில் கறுப்பாகிறது என்று சுகந்தி சொல்லுவாளே, அப்போது நான், "நல்ல சவுக்காரமாப் போடு புள்ள" என்று சொன்னேன். இங்கே வராதே, அங்கேயும் இருக்காதே என்று எழுதுகிற தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறகு எங்கே போவது என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை, தம்பி. இருந்தால் நானே போயிருப்பேனே.

தெரிந்த கொஞ்சத்தை மட்டும் சொல்கிறேன், செய்வாயா? ரோட்டை விட்டு உள்ளே ஒரு சின்ன அறை கிடைத்தாலும் மாறிப் போ, மாடியும் வசதியும் வேண்டாம். அதுவரை ரோட்டுப் பக்கத்து ஜன்னலை வாகனம் நெரிகிற நேரத்தில் சாத்து, பின்பக்கத்து ஜன்னலைத் திற. மத்தியான வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நிற்காதே. நுளம்பு கடிக்கிறது என்று திரி கொளுத்தாதே, வலை கட்டு. குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணிப் புகை போடச் சொல்லி யாராவது வருவார்கள். நம் ஆட்கள் யாருமில்லாவிட்டாலும் பக்கத்து வீட்டிலிருந்தாவது வருவார்கள். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லு. பிள்ளைக்குக் குளிரும் என்று எல்லாவற்றையும் அடைக்கத் தோன்றும், அது பெற்ற மனம், தோன்றத்தான் செய்யும். துணியைக் கூடப் போர்த்து, ஓட்டையை அடைக்காதே. நீயும் உன் நெஞ்சைக் கொண்டுபோய் ஒரு டொக்டரிடம் காட்டு. இழுப்பை ஒளிக்கிற வேலை என்னோடு போகட்டும்.

சும்மா ஒரு பகல் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகிறேன் என்பாய். அதையும் யோசித்தேன். வாசல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்து, வெளியிலேயே வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் நம் ஊர் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? பனி இறங்கும், பிள்ளை நடுங்கும், நான் உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவேன். நேரே அடுப்புக்குப் பக்கத்தில்தான் போவேன். எல்லாம் தெரிந்த பிறகும் போவேன், கால் அப்படிப் பழகியிருக்கிறது. என்னை நான் நம்பவில்லை. நான் அங்கே வருவது என்றால் உன் மாடிப்படி இருக்கிறது. தண்ணீர் பிடிக்கிற நம் பீலிக்கரைப் படியையே நின்று நின்று ஏறுகிறேன். பிள்ளை நடந்து ஓடுகிற வயது வந்து, நல்ல வெயில் காலமாகப் பார்த்துக் கூட்டி வா. அதுவரைக்கும் நான் இருப்பேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் முகத்தைக் காட்டு, பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பேச மட்டும் சொல்லாதே.

பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னினேன், மஞ்சள் நிறம், ஆணோ பெண்ணோ எதற்கும் பொருந்தட்டும் என்று. பின்னி முடித்து மூக்கில் வைத்துப் பார்த்தால் புகை மணம். சவுக்காரம் போட்டுத் துவைத்தேன், வெளியே புல்லில் காயப் போட்டேன். மறுபடி மறுபடி துவைத்தும் போகவில்லை. நான் தொட்டது எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதனால் தொப்பியை அனுப்பவில்லை, அங்கே கடையில் ஒன்று வாங்கிப் போடு. இந்தக் கடிதத்தை அனுப்பாமல் இருக்க முடியவில்லை. இதுவும் மணக்கும். படித்து முடித்ததும் கையைக் கழுவு. இதைப் பிள்ளை படுக்கப்போகிற அறையில் வைத்துவிடாதே, தம்பி.

உன் அம்மா